சூளையைத் திறந்ததும் விரிசலின் ஓரத்தைப் பாருங்கள்

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, புதுச்சேரியில் ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மண்பாண்ட வேலை பழக வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. என்னிடம் வருகிறவர்களும் விரிசல் விட்ட கிண்ணத்தைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சூடு அதிகமாயிடுச்சா?" அதற்குப் பதில் அந்தக் கிண்ணத்திலேயே இருக்கிறது.

விரிசலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரம் மழுங்கி, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் மேல்பூச்சு) உள்ளே வழிந்து இறங்கியிருக்கிறதா? அப்படியானால் கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது. காயவைத்த விதத்தையோ, கைப்பிடி ஒட்டிய இடத்தையோ, பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூடு) சுட்ட விதத்தையோ சந்தேகப்படுங்கள். ஓரம் கையை அறுக்கும் கூர்மையோடு இருந்தால் அது ஆறும்போது விழுந்தது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை மெல்லக் கடக்கவேண்டும். 200 டிகிரியில் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 100க்குக் கீழே இறங்கட்டும். நான் வெறுங்கையால் எடுக்க முடிகிறபோதுதான் திறப்பேன்.

பிஸ்க்கில் பாத்திரம் வெடித்துச் சிதறினால் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எதுவும் லேசில் காயாது. பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூளையில் 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி, பார்வைத் துளையைத் திறந்தே வைத்து ஈரத்தை வெளியேற்றிவிட்டு மேலே ஏற்றுங்கள்.

புதிதாக வருகிறவர்களை அதிகம் அழவைப்பது கிளேஸ் சுருண்டு விலகி, அங்கங்கே மண் தெரிவது. இதைச் சூளைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். கிளேஸ் காய்ந்ததும் மேலே மயிரிழை வெடிப்பு தெரிகிறதா? அது தடிமனாக ஏறியிருக்கிறது. கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி முக்குங்கள். என் கிளேஸ்களை 100 மில்லி எடுத்து நிறுத்தால் 145 கிராம் பக்கம் வரும். உங்களுடையது சரியாக வந்த நாளில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெடிப்பில்லாமலும் சுருண்டால் தூசியோ கை எண்ணெயோ காரணம். பிஸ்க் பாத்திரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்த பிறகு உள்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வேலை செய்யவேண்டாம்.

ஊசித்துளைகளா? உச்ச வெப்பத்தில் 15, 20 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். போகவில்லையென்றால் பிஸ்க்கை இன்னும் மெதுவாகச் சுடுங்கள். வலைபோல மெல்லிய கீறல்கள் விழுந்தால், கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது என்று பொருள். குவார்ட்ஸ் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சின்னச் சில்லுகளில் சோதியுங்கள். முகமூடி இல்லாமல் அந்தத் தூளைத் திறக்கவே கூடாது, நுரையீரலைக் கெடுக்கும்.

சூளையின் வெப்ப மீட்டரை மட்டும் நம்பிச் சுடாதீர்கள். அது கம்பி இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். வேக்காட்டைச் சொல்வது கோன், அதாவது போதிய வேக்காடு கிடைத்ததும் வளைந்து சாயும் சின்னக் கூம்பு. மேல்தட்டிலும் அடித்தட்டிலும் ஒவ்வொரு கோன் வையுங்கள். அடிக்கோன் நிமிர்ந்தே நின்றால், அடுத்த முறை சீக்கிரம் உருகும் கிளேஸ்களை அங்கே அடுக்கி, வழிந்தோடுகிறவற்றின் அடியில் விரற்கடை அளவு கிளேஸைத் துடைத்துவிடுங்கள். தட்டுக்கு அலுமினாவும் சீனாக்களிமண்ணும் சரிபாதி கரைத்துப் பூசியிருந்தால், ஒட்டினாலும் உளியால் பெயர்த்துவிடலாம்.