அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணியில் இடம் பிடிப்பது எப்படி: ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிக் கோச்சுக்கு வேண்டியது கான்ஃபரன்ஸ் (ஒன்றோடொன்று போட்டியிடும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப்பில் புள்ளி. உங்கள் டைம் அங்கே எத்தனை புள்ளி எடுக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஒரே கடிதத்தை நூறு கல்லூரிக்கு அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். அதனால் மின்னஞ்சலை ஐந்தாவதாக வைத்திருக்கிறோம்.

1. டைமை யார்டில் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர் குளத்தில் நடக்கின்றன. கோடைக்கால 50 மீட்டர் டைம் மட்டுமே கையில் இருப்பவர்களும், இந்தியாவிலிருந்து முயல்பவர்களும் முதலில் தடுமாறுவது இங்கேதான். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே ஒரு டர்ன். 100 யார்டுக்கு மூன்று. சுவரை உதைத்தபின் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போக அனுமதி உண்டு. ஆகவே ஃப்ரீஸ்டைல், பேக், பட்டர்ஃபிளை மூன்றிலும் ஒவ்வொரு நீளத்திலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தலை வெளியே வராமலே கடந்துவிடலாம். டால்ஃபின் கிக் பலமாக இருப்பவருக்கு, மீட்டரை யார்டாக மாற்றும் கணக்கு காட்டுவதைவிட யார்டில் நல்ல டைம் வரும். டர்னில் தடுமாறுகிறவருக்கு அந்த டைம்கூட வராது. ஸ்விம்கிளவுட் போன்ற தளங்களில் மாற்றிப் பாருங்கள், ஆனால் கோச்சுக்கு எழுதும்போது அசல் மீட்டர் டைமை எழுதிப் பக்கத்தில் 'மாற்றியது' என்று குறிப்பிட்டு யார்டு டைமைப் போடுங்கள். மாற்றிய டைமை நீந்திய டைம் போலக் காட்டினால் கோச் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

கல்லூரியில் தனிநபர் 50 என்பது பெரும்பாலும் ஃப்ரீஸ்டைலில் மட்டும்தான். 50 பேக், 50 பிரெஸ்ட், 50 பட்டர்ஃபிளை பெரும்பாலான சாம்பியன்ஷிப்களில் தனிப்போட்டியாகக் கிடையாது. ஆனால் 200 மெட்லி ரிலேயில் (நால்வர் ஆளுக்கொரு ஸ்டைலில் நீந்துவது) ஒவ்வொரு லெக்கும் 50 என்பதால் அந்த டைம்களையும் விடாமல் குறிப்பிடுங்கள். 400, 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பதிலாக அங்கே 500, 1650 யார்டு.

2. ரிசல்ட் ஷீட்டோடு ஒரு மாலை உட்காருங்கள்

பலர் தாண்டிப்போகிற படி இது. ஆனால் முழு வேலையிலும் பாதி இதுதான்.

நீங்கள் பார்க்கும் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் இருக்கிறதோ, அதன் சென்ற ஆண்டு சாம்பியன்ஷிப் முடிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஈவென்டின் காலை ஹீட்ஸ் பட்டியலில் 8, 16, 24-ஆம் இடங்களின் டைமைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எட்டுப் பேர் ஏ ஃபைனல், அடுத்த எட்டுப் பேர் பி ஃபைனல். பல கான்ஃபரன்ஸ்களில் சி ஃபைனலும் உண்டு, 24 பேர் வரை புள்ளி கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 11-ஆம் வகுப்புப் பெண் ஒருவருக்கு 100 பட்டர்ஃபிளை 56.4. ஷீட்டில் 8-ஆம் இடம் 54.6, 16-ஆம் இடம் 55.7, 24-ஆம் இடம் 56.9 என்று இருக்கிறது. அப்படியானால் இன்றைக்கே அவர் சி ஃபைனல், இன்னும் ஒரு விநாடி குறைத்தால் பி ஃபைனல். எழுத வேண்டிய கல்லூரி. 24-ஆம் இடமே 54.9 என்றால் அது ஆசைப் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களோடு நிற்கட்டும்.

அடுத்து, அதே ஷீட்டில் அந்தக் கல்லூரியின் பட்டர்ஃபிளை நீச்சல்காரர்களை மட்டும் வட்டமிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு மாணவர் என்று இருக்கும். உங்களைவிட வேகமான மூவரும் முதலாம் ஆண்டு என்றால் நீங்கள் சேரும்போதும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். மூவரும் நீங்கள் சேருமுன் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் என்றால் கோச் ஏற்கெனவே பட்டர்ஃபிளைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

சாம்பியன்ஷிப்பில் ஒருவர் அதிகபட்சம் மூன்று தனிப்போட்டிகளில்தான் இறங்கலாம், ரிலேயோடு சேர்த்து மொத்தம் ஏழு. ரிலேக்குப் புள்ளி இரட்டிப்பு. அதனால் ஒரே ஒரு ஈவென்டில் மின்னுகிறவரைவிட, மூன்றில் புள்ளி எடுத்து ரிலேக்கும் கைகொடுப்பவருக்கு மவுசு அதிகம். உங்கள் மூன்றாவது ஈவென்ட் எது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

2025-இல் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரிகளில் அணிக்கே உச்சவரம்பு வந்துவிட்டது: ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 30, டைவர்களையும் சேர்த்து. உதவித்தொகை வேண்டாம், அணியில் ஒரு ஓரம் போதும் என்று வாக்-ஆனாகச் சேர்வது அங்கே முன்போல் எளிதில்லை.

3. டிவிஷன்கள்

டிவிஷன் 1, 2 கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரலாம். டிவிஷன் 3 தராது. ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக் டிவிஷன் 1-இல் இருந்தாலும் தராது. தரும் இடத்திலும் நீச்சலில் பெரும்பாலும் பகுதித் தொகைதான், முழுச் செலவையும் எதிர்பார்த்துக் குடும்பத் திட்டம் போடாதீர்கள். படிப்பில் பெயர்பெற்ற டிவிஷன் 3 கல்லூரிகளில் அட்மிஷன் அலுவலகத்திடம் கோச் சொல்லும் சிபாரிசுதான் பணத்தைவிடப் பெரிது.

4. பாடக் கணக்கு

டிவிஷன் 1, 2-க்கு, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்ய வேண்டும். ஹைஸ்கூலில் 16 கோர் (என்.சி.ஏ.ஏ. ஏற்கும் முக்கியப்) பாடங்கள் தேவை. அவற்றின் ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. நம் வீடுகளில் 2.3-ஐப் பார்த்துச் சிரிப்பார்கள், சிக்கல் அங்கே வருவதில்லை. டிவிஷன் 1-க்கு அந்த 16-இல் 10 பாடங்களை 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். எடுத்த ஆன்லைன் பாடம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலேயே இல்லை என்பது கடைசி நேரத்தில் தெரியவரும்போதுதான் கை நடுங்கும். 9-ஆம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் உங்கள் பள்ளியின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களை என்.சி.ஏ.ஏ. இப்போது கேட்பதில்லை, கல்லூரி கேட்கலாம்.

5. மின்னஞ்சல்

டிவிஷன் 1, 2 கோச்சுகள் 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் உங்களோடு ரிக்ரூட்டிங் பேசக்கூடாது. நீங்கள் எழுதலாம், கேள்விப்படிவம் நிரப்பலாம், பதில் மட்டும் வராது. அந்த மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து கல்லூரியை நீக்காதீர்கள். டிவிஷன் 3 கோச்சுகள் முன்பே பதில் எழுதலாம்.

தலைப்பு வரியிலேயே சரக்கு இருக்கட்டும்: பட்டம் பெறும் ஆண்டு, பெயர், 100 பட்டர்ஃபிளை 56.4, 200 பட்டர்ஃபிளை 2:05.3, ஜி.பி.ஏ. 3.9. உள்ளே ஏழெட்டு வரி போதும். சென்ற ஆண்டு டைம் 58.1, இப்போது 56.4 என்று முன்னேற்றத்தைக் காட்டுங்கள், வளர்கிறவரைத்தான் கோச் தேடுவார். அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி, கிளப் கோச்சின் தொடர்பு, அடுத்த பெரிய மீட்டின் தேதி. மீட் முடிந்ததும் புது டைமோடு இரண்டு வரி எழுதுங்கள்.

அனுப்புகிற முகவரி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். அப்பா செதுக்கிக் கொடுத்த ஆங்கிலம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே வெளுத்துவிடும்.

6. அழைப்பும் நேர்ப்பயணமும்

"உங்கள் அணியில் சேர எனக்கு என்ன டைம் வேண்டும்?", "என் ஆண்டுக்கு எத்தனை இடம் மிச்சம்?", "முதலாம் ஆண்டில் வந்தவர்களில் யாரையாவது அணியிலிருந்து நீக்கினீர்களா?" இந்த மூன்றையும் கேளுங்கள். டிவிஷன் 1 கல்லூரி தன் செலவில் அழைக்கும் அஃபிஷியல் விசிட் 11-ஆம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1-இலிருந்து சாத்தியம். போனால் காலைப் பயிற்சியைப் பாருங்கள், கோச் இல்லாத நேரத்தில் அணியினரிடம் பேசுங்கள்.

7. வாய்மொழியும் கையெழுத்தும்

டிவிஷன் 3, ஐவி கோச் ஆர்வம் காட்டினால், 11-ஆம் வகுப்பு முடிந்த ஜூலை வாக்கில் ப்ரீ-ரீட் கேளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டையும் 12-ஆம் வகுப்புப் பாடப்பட்டியலையும் கொடுத்தால் அட்மிஷன் அலுவலகம் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும். பதில் சாதகமாக இருந்தாலும் சேர்க்கை உறுதியாகிவிடாது. பெரும்பாலும் எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்) விண்ணப்பிக்கச் சொல்வார்கள், அதன் கடைசி நாள் பல இடங்களில் நவம்பர் 1.

பழைய கையேடுகள் இன்னும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் (அந்தக் கல்லூரியில் சேர்வதாக மாணவர் கையெழுத்திடும் கடிதம்) பற்றிப் பேசும். அது 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது கையெழுத்திடுவது உதவித்தொகை ஒப்பந்தம். கோச் வாயால் சொன்னது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்துக்கு முன், தொகை ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, தோளில் காயம்பட்டால் தொடருமா என்று தாளில் தேடிப் படியுங்கள்.

முடிவெடுத்த அன்றே மற்றக் கோச்சுகளுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதிவிடுங்கள். பின்னால் டிரான்ஸ்ஃபர் ஆக நேர்ந்தால் அதே முகவரிகளுக்குத்தான் மறுபடி எழுத வேண்டிவரும்.