மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள்: பழைய வீட்டைச் சோதிக்கும் முறையும் பழுதுச் செலவும்

சென்னையில் 20, 25 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர்கள் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் காட்டிவிடுகிறார்கள். வீட்டை மட்டும் யாரிடமும் காட்டுவதில்லை. கால் மணி நேரம் சுற்றிப் பார்த்து, வாசல் எந்தத் திசை என்று கேட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். புதிதாகப் பெயின்ட் அடித்த படுக்கையறை. குடிபோன நான்காம் மாதம், ஐப்பசி மழையில், கட்டிலுக்கு நேர் மேலே கூரைப் பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். வெளியே தெரிந்த கம்பியை நகத்தால் சுரண்டினேன். துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. இனி ஒருவரும் அந்தக் கட்டிலுக்கு அருகில் நிற்கும் நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு ரூபாய் நாணயம், திருப்புளி, மரக்கைப்பிடி உள்ள சிறு சுத்தியல், ஒரு வாளி, பென்சில். மின்சாதனக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாக்கெட் டெஸ்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் செலவெல்லாம் சென்னையின் தோராய நிலவரம்; உங்கள் ஊர்க் கூலியைப் பொறுத்துக் கூடும், குறையும்.

1. முதலில் மாடிக்குப் போங்கள்

நம் ஊர் வீடுகளின் பெரும்பாலான கோளாறுகளுக்குத் தண்ணீர்தான் வேர். தண்ணீர் இறங்கும் வழியிலேயே நாமும் இறங்க வேண்டும். மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வாட்டம் சரியாக இருந்தால் மழைநீர்க் குழாயை நோக்கி ஓடும். பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவாவது சரிவு வேண்டும். நடுவில் தேங்கி நின்றால் அதற்குக் கீழே யாருடைய அறை என்று கணக்குப் போடுங்கள்.

தட்டோடுகளுக்கு இடையே உள்ள பூச்சு பெயர்ந்திருக்கிறதா, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா, அந்த விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கன்றை வெட்டினால் போதாது. வேர் உள்ளே இருக்கும்வரை அது மீண்டும் தழைக்கும், விரிசலும் அகலும்.

மேலே நீர்த்தடுப்புப் பூச்சு மட்டும் அடிக்கச் சதுர அடிக்கு 35 முதல் 60 ரூபாய் ஆகும். தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போட 150 ரூபாய்க்குக் குறையாது. அடுக்குமாடியில் இது பொதுச் சொத்து. ஆகவே குடியிருப்போர் சங்கத்திடம் நிதி இருக்கிறதா, கடைசியாக எப்போது வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். சங்கமே இயங்காத கட்டடத்தில் மேல்தள வீட்டை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2. கூரையைத் தட்டுங்கள்

இந்தச் சோதனையை மட்டும் விடவே கூடாது. சுத்தியலின் மரப் பிடியால் ஒவ்வோர் அறைக் கூரையையும் இரண்டடிக்கு ஓர் இடமாக மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் "டக்" என்று இறுக்கமாக ஒலிக்கும். உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம் "பொத்" என்று ஒலிக்கும். இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். தட்டும்போது நேர் கீழே நிற்காதீர்கள்.

ஈரம் கம்பியை எட்டினால் துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. அதன் முதல் அடையாளம் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விழும் மெல்லிய விரிசலும் அதையொட்டிய பழுப்புக் கறையும். பெயின்ட் அந்தக் கறையை மறைத்துவிடும், ஒலியை மறைக்காது. ஓர் அறைக்கு மட்டும், அதிலும் கூரைக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே கூடுதலாகத் தட்டுங்கள்.

விட்டுப்போனதை இடித்தெடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் மூடச் சதுர அடிக்கு 300 முதல் 600 ரூபாய் வரை கேட்கிறார்கள். எங்கள் அறைக்குப் பெயின்ட்டோடு சேர்த்து 62,000 ரூபாய் ஆனது. வெறும் சிமென்ட் கலவையை அப்பித் தருகிறேன் என்பவர் பாதி விலைக்கு வருவார். துரு உள்ளேயே இருப்பதால் அந்த வேலை நிலைக்காது. பீமிலோ தூணிலோ இதே விரிசலைக் கண்டால் மேஸ்திரியை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அங்கே செலவு லட்சங்களில் போகும்.

3. குளியலறை

உங்கள் குளியலறையின் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். எனவே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் குளியலறைக் கூரையை ஒரு முறை பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர்கள் முகமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். உங்கள் கூரையில் கறை இருந்தால் குறை மேல்வீட்டில் இருக்கிறது. அவர் சம்மதிக்காமல் எந்தக் கொத்தனாரும் அதைச் சரிசெய்ய முடியாது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி வரை உப்புப் பூத்து மாவாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். டைல்ஸைப் பெயர்த்து, நீர்த்தடுப்புச் செய்து, குழாய் மாற்றி முடிக்க ஒரு குளியலறைக்கு 70,000 முதல் 1,25,000 ரூபாய் வரை ஆகும்.

4. விரிசல்கள்

சுவர்ப் பூச்சில் தலைமயிர் போல ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் விழும் நேர் விரிசலும் பெரும்பாலும் பட்டி, வலைத்துணியோடு முடிகிற வேலை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ படிக்கட்டுப் போலவோ ஏறி, நாணய விளிம்பு நுழையும் அகலத்தில், சுவரின் இரு பக்கமும் தெரிவதுதான் கவலைக்குரியது. அடித்தளம் சமமில்லாமல் இறங்கியிருக்கலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் நிலத்தில் இது நேர்கிறது. அப்படிப்பட்ட வீட்டைப் பொறியாளர் பார்க்காமல் விலை பேசாதீர்கள். அவர் கட்டணம் 5,000 முதல் 15,000 ரூபாய்க்குள் இருக்கும்.

5. மின்சாரமும் கறையானும்

மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். அந்தக் கருவியே இல்லையென்றால் கூலியோடு 2,000 முதல் 3,500 ரூபாயில் பொருத்தலாம். உயிர் காக்கிற செலவு, பேரம் வேண்டாம். ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்டரைச் செருகி எர்த் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வயரிங் முழுவதையும் மாற்ற ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை ஒதுக்க வேண்டும்.

நிலைச்சட்டத்தின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் கறையானாக இருக்கலாம். மருந்தடிக்க ஆயிரம் சதுர அடிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். நிலையை மாற்றுவது தனிச் செலவு.

6. தெருவில் கேளுங்கள்

தரைத்தள வீடென்றால் 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். தரகருக்கு நினைவில்லாதது அவர்களுக்கு முழங்கால், இடுப்பு என்று அளவோடு நினைவிருக்கும்.

கண்டதையெல்லாம் அறைவாரியாக எழுதி, படம் எடுத்து, இரண்டு கொத்தனார்களிடம் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தாளை வைத்து விலை பேசுங்கள். "சரிசெய்து தருகிறேன்" என்று உரிமையாளர் சொன்னால் அந்த வேலைகளை விற்பனை ஒப்பந்தத்திலேயே வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.