வசந்தப் பூக்களால் ஒரு செய்தி: பொருளறிந்து பூங்கொத்து கட்டும் முறை

பூங்கொத்து வாங்கும்போது பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்துத்தான் பூக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வசந்தத்தில் மலரும் பூக்கள் ஒவ்வொன்றின் மீதும் மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு பொருளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை அறிந்து கட்டினால், நேரில் சொல்ல நாக்கு எழாத மன்னிப்பையும் அன்பையும் ஆறுதலையும் ஒரு கொத்துப் பூவே கொண்டு சேர்த்துவிடும். இதுவரை பூங்கொத்தே கட்டியிராதவரும் பின்பற்றக்கூடிய வகையில் அந்த முறையை எழுதுகிறேன்.

தேவையானவை மிகக் குறைவு: கூர்மையான கத்தி அல்லது கத்தரிக்கோல், நன்றாகக் கழுவிய இரண்டு பாத்திரங்கள், கையுறை, நூல் அல்லது ரிப்பன், ஒரு சிறிய அட்டை. பாத்திரம் ஏன் இரண்டு என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூக்களின் பொருளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் கிடையாது. 1819இல் ஷார்லோட் த லாத்தூர் என்ற புனைபெயரில் பாரிசில் வெளியான நூல் ஒன்று மலர்மொழி மோகத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. அதன்பின் இங்கிலாந்தில் பல பட்டியல்கள் வந்தன. ஒரே பூவுக்கு ஒரு நூல் ஒரு பொருளும் மற்றொரு நூல் வேறு பொருளும் சொல்லும். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, வென்றபின் வாகை என்று பூவைச் சூடியே செய்தி சொன்ன புறத்திணை மரபு நமக்குத் தெரிந்ததுதான். எனவே எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தச் செடி எப்போது பூக்கிறது, எப்படி நிற்கிறது, எப்படி உதிர்கிறது என்று கவனியுங்கள். காலம் கடந்து நிலைத்த பொருள்களில் பல, செடியின் இயல்பிலிருந்தே பிறந்தவை.

படி 1: செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பூவைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். “நீ குணமாகி வந்ததில் மகிழ்ச்சி.” “நான் பேசியது தவறு.” “அவரை நாங்கள் மறக்கவில்லை.” ஒரு வாக்கியம் போதும். காதல், நன்றி, வாழ்த்து, வருத்தம் எல்லாவற்றையும் ஒரே கொத்தில் சொல்ல நினைத்தால் எதுவுமே போய்ச் சேராது.

படி 2: தலைமைப் பூவைத் தேர்ந்தெடுங்கள்

இந்த முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. கொத்தில் எத்தனை வகைப் பூக்கள் இருந்தாலும் செய்தியைச் சுமப்பது ஒரு பூவாகவே இருக்கட்டும். மற்றவை அதற்குத் துணை நிற்கட்டும்.

நம்பிக்கையைச் சொல்ல ஸ்னோடிராப். ஐரோப்பாவில் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே பூத்துவிடும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ அது. அதன் இலை நுனி கெட்டிப்பட்டிருப்பதால் உறைந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கடும் உறைபனி விழுந்தால் செடி தரையோடு சாய்ந்துவிடும். குளிர் சற்றுத் தணிந்ததும் மறுபடி நிமிர்ந்து நிற்கும். இப்படி ஒரு செடியைப் பார்த்தவர்கள் அதற்கு நம்பிக்கை என்று பொருள் கொடுத்ததில் வியப்பில்லை. ஆனால் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இதே பூவை வீட்டுக்குள் கொண்டுவருவதைச் சாவின் அறிகுறியாகக் கருதி அஞ்சியவர்களும் உண்டு. காம்பு மிகக் குட்டையானதால் பெரிய கொத்துக்கு இது பொருந்தாது; ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக வைத்துக் கொடுப்பதே அழகு.

புதிய தொடக்கத்துக்கு டாஃபடில் என்ற மஞ்சள் பூ. இதன் கிழங்குக்குப் பல வாரக் குளிர் கிடைத்தால்தான் அடுத்த வசந்தத்தில் பூக்கும். கடினமான காலத்தைக் கடந்து வந்தவருக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பூவை நான் அறியேன். பல நாடுகளின் புற்றுநோய் அமைப்புகள் இதைத் தங்கள் சின்னமாக வைத்திருக்கின்றன. வேல்ஸ் மக்கள் மார்ச் 1 அன்று, தங்கள் காவல் புனிதரான டேவிட்டின் நாளில், இதைச் சட்டையில் அணிகிறார்கள். ஒற்றை டாஃபடிலை மட்டும் கொடுப்பது ஆகாது என்ற பழைய நம்பிக்கையும் உண்டு. எனவே கொத்தாகவே கொடுங்கள்.

காதலைச் சொல்ல ரோஜாவைத் தேடுகிறவர்கள் வசந்தத்தில் சிவப்பு டியூலிப்பை மறந்துவிடுகிறார்கள். ஷிரீனுக்காக உயிர்விட்ட ஃபர்ஹாதின் குருதி சிந்திய இடத்தில் சிவப்பு டியூலிப்கள் முளைத்தன என்பது பாரசீகக் கதை. உதுமானியப் பேரரசில் 1718 முதல் 1730 வரையிலான காலமே டியூலிப் காலம் என்று வரலாற்றில் பெயர் பெற்றது. இதே பூ ஹாலந்தில் பணவெறியின் அடையாளமாகவும் ஆனது: கிழங்குகளின் விலை கட்டுக்கடங்காமல் ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்தது. அன்று பெருவிலை பெற்ற, இதழில் தீ நாக்குகள்போல் வரியோடிய டியூலிப்களின் அழகுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ். நோயுற்ற கிழங்கு நாளடைவில் நலிந்துபோகும் என்பது அப்போது விளங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க ஊதா ஹயசிந்த். ஒரே காம்பில் பல சிறு பூக்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கும் செடி அது. கிரேக்கக் கதையில் அப்பல்லோ எறிந்த வட்டு, அவன் உயிராய் நேசித்த ஹயசிந்தஸ் என்ற இளைஞன் மீதே பட்டு அவனைக் கொன்றது. அந்தக் குருதியிலிருந்து எழுந்த பூ என்பதால் வருத்தமும் குற்ற உணர்வும் இதன் பொருளாயின. வேண்டுமென்று செய்யாத காயத்துக்கு வருந்தும்போது இந்தப் பூ மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: மணம் மிக அழுத்தமானது. மூடிய சிறிய அறைக்கும் நோயாளியின் படுக்கையருகிலும் வேண்டாம்.

நினைவுக்கு ஃபர்கெட்-மீ-நாட். நகக்கண் அளவுள்ள நீலப் பூ. நடுவில் மஞ்சள் வளையம். நினைவிழப்பு நோயாளிகளுக்கான அமைப்புகள் இதைச் சின்னமாகப் பயன்படுத்துகின்றன. ஆர்மீனிய இனப்படுகொலையின் நூற்றாண்டு 2015இல் நினைவுகூரப்பட்டபோதும் இந்தப் பூவையே அடையாளமாகக் கொண்டார்கள்.

விசுவாசத்துக்கு வயலட். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் 1814இல் எல்பா தீவுக்கு நாடுகடத்தப்பட்டபோது, வயலட் பூக்கும் காலத்தில் அவர் திரும்புவார் என்று ஆதரவாளர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பூவை அணிவதே அவர்களுக்கு இரகசிய அடையாளமாயிற்று. 1815 மார்ச் 20 அன்று அவர் பாரிசுக்குள் நுழைந்தார். அது வயலட் பூக்கும் காலம்தான்.

லில்லி ஆஃப் தி வேலி திரும்பிவரும் மகிழ்ச்சியைக் குறிக்கும். பிரான்சில் மே 1 அன்று நல்வாழ்த்தாக இதைக் கொடுக்கிறார்கள். 2011இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் திருமணக் கொத்திலும் இது இருந்தது. வசந்தத்தின் கடைசியில் வரும் பியோனி சீனாவில் செல்வத்துக்கும் பெருமைக்கும் உரியது. ஐரிஸ், வானவில்லின் தேவதையாகவும் தேவர்களின் தூதாகவும் இருந்தவளின் பெயரைத் தாங்கிய பூ, நற்செய்திக்குப் பொருந்தும்.

செர்ரி மலரைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் அது நிலையாமையின் பூ. மரம் முழுக்கப் பூத்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள், இதழ் வாடிச் சுருங்குவதற்கு முன்பே காற்றில் உதிர்ந்துவிடுகிறது. அழகு நீடிக்காது என்பதற்காக அவர்கள் ஒதுங்கிவிடுவதில்லை. நீடிக்காததால்தான் குடும்பத்தோடு மரத்தடியில் போய் உட்காருகிறார்கள். 1912இல் டோக்கியோ நகரம் 3,020 செர்ரி மரங்களை வாஷிங்டனுக்கு அனுப்பியபோது அது நட்பின் பூவாகவும் ஆனது. பிரிவு விருந்து, பணி ஓய்வு, படிப்பு முடிந்து ஊர் திரும்புதல் போன்ற நேரங்களில் ஒரு செர்ரிக் கிளை சொல்வதை வேறு பூ சொல்லாது.

படி 3: நிறத்தைச் சரிபாருங்கள்

பூ ஒன்றானாலும் நிறம் மாறினால் செய்தி மாறும். சிவப்பு டியூலிப் காதல். வெள்ளை டியூலிப் மன்னிப்பு. மஞ்சள் டியூலிப் பழைய பட்டியல்களில் கைகூடாத காதலைக் குறித்தது, இன்று பலர் மலர்ச்சிக்கும் நட்புக்கும் கொடுக்கிறார்கள். ஹயசிந்த்தில் நீலம் மாறாத அன்பு, வெள்ளை தூய அழகு. லைலாக் என்ற மணமுள்ள கொத்துப்பூவில் ஊதா முதல் காதலைச் சொல்லும், வெள்ளை லைலாக் இளமையின் களங்கமின்மையை.

படி 4: யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது இறந்தவர்களுக்கு மட்டுமே; வாழ்கிறவர்களுக்கு ஒற்றைப்படை. கிழக்காசிய நாடுகளில் வெள்ளைப் பூக்கள் துக்கத்தை நினைவூட்டக்கூடும். பெறுபவரின் பின்னணி தெரியாவிட்டால் ஒற்றைப்படையில், நிறங்கள் கலந்து கொடுங்கள்; பெரும்பாலும் பிசகாது.

அந்த வீட்டில் குழந்தையோ வளர்ப்பு விலங்கோ இருந்தால் பொருளைவிடப் பாதுகாப்பு முக்கியம். லில்லி ஆஃப் தி வேலியின் எல்லாப் பகுதியிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. அது நின்ற தண்ணீரும் ஆபத்தானது. உண்மையான லில்லி வகைகள் பூனைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். டாஃபடில், டியூலிப், ஹயசிந்த் ஆகியவற்றின் கிழங்குகளிலும் நஞ்சு இருக்கிறது. இவை எட்டாத இடத்தில் வைக்க முடியாத வீட்டுக்கு வேறு பூவைத் தேடுங்கள்.

படி 5: பூக்களைத் தயார் செய்யுங்கள்

முழுதாக விரிந்த பூக்களை வாங்காதீர்கள். டியூலிப் மொட்டில் நிறம் ஏறியிருந்தால் போதும். டாஃபடில் மொட்டு தலை கவிழ்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும் நிலையில் இருக்கட்டும். ஹயசிந்த்தில் கீழ்ப்பூக்கள் சில விரிந்திருக்க வேண்டும்.

காம்பின் அடியைச் சாய்வாக, ஒரு விரல் அகலம் வெட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகிக் காம்பின் நீர்க்குழாய்கள் அடைபடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்துங்கள்.

இப்போது அந்த இரண்டாவது பாத்திரம். டாஃபடில் காம்பை வெட்டிய உடனே, வெட்டுவாயிலிருந்து நூல்போல் இழுபடும் வழவழப்பான சாறு வடியும். அந்தச் சாறு மற்றப் பூக்களை, குறிப்பாக டியூலிப்பை, விரைவில் வாட்டிவிடும். கையில் பட்டால் சிலருக்கு அரிப்பும் வரும், கையுறை அதற்காகத்தான். டாஃபடிலைத் தனிப் பாத்திரத்தில் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்துச் சாறு வடியவிட்டு, அதன்பின் மற்றவற்றோடு சேருங்கள். சேர்க்கும்போது மீண்டும் வெட்டக் கூடாது. வெட்டினால் சாறு புதிதாகச் சுரக்கும்.

டியூலிப் வெட்டிய பின்னும் வளரும். சில சென்டிமீட்டர் நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாக வளையும். எனவே கட்டும்போது அதன் தலையை மற்றப் பூக்களைவிடச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். ஏற்கெனவே வளைந்திருந்தால் தாளில் இறுக்கிச் சுற்றி ஓரிரு மணி நேரம் தண்ணீரில் நிறுத்தினால் நிமிர்ந்துவிடும். செர்ரி, லைலாக் போன்ற மரக்கிளைகளின் அடியில் நெடுக்காக ஒரு பிளவு போடுங்கள். அப்போது தண்ணீர் நன்றாக ஏறும்.

படி 6: கட்டுங்கள்

தலைமைப் பூவில் ஒன்றை இடது கையில் நேராகப் பிடியுங்கள். அடுத்த காம்பை அதன் மீது சாய்வாக வையுங்கள். இனி வைக்கும் ஒவ்வொரு காம்பும் அதே திசையில் சாய வேண்டும். ஒவ்வொன்று வைத்ததும் கொத்தைச் சற்றுத் திருப்புங்கள். காம்புகள் திருகாணிபோல் சுற்றிக்கொண்டு போகும். பூக்கள் ஒன்றையொன்று நசுக்காமல் தாமாக விரிந்து நிற்கும். காம்புகள் குறுக்கிடும் இடத்தில் நூலால் கட்டி, அடியைச் சமமாக வெட்டுங்கள். டாஃபடில் இருந்தால் அதன் காம்புக்கேற்ப மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கொத்துக்கு ஐந்து ஊதா ஹயசிந்த்தும் சுற்றிலும் வெள்ளை டியூலிப்பும் போதும். குணமானவருக்கு டாஃபடில் மட்டுமே, நிறைய. நினைவுநாளுக்கு ஃபர்கெட்-மீ-நாட்டும் வயலட்டும் சிறு கண்ணாடிக் குவளையில். இரண்டுமே மென்மையானவை, கட்டியவுடன் கொடுத்துவிட வேண்டும்.

படி 7: அட்டையில் பொருளை எழுதுங்கள்

பெறுபவருக்கு மலர்மொழி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் படியில் எழுதிய வாக்கியத்தையும், பூவின் பெயரையும், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் இரண்டு மூன்று வரிகளில் கையால் எழுதுங்கள். “இது டாஃபடில். குளிரைத் தாங்கிய கிழங்குதான் பூக்குமாம். உன்னை நினைத்துக்கொண்டேன்.” இவ்வளவு போதும்.

அட்டையின் பின்பக்கத்தில் பராமரிப்பையும் குறித்துக் கொடுங்கள்: இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், நேர்வெயிலில் வைக்கக் கூடாது, பழக்கூடைக்கு அருகிலும் வைக்கக் கூடாது. பழுக்கும் கனிகள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூக்களைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.