வெயில் இருந்தும் வெந்நீர் இல்லையா? சோலார் பேனல் அடைப்பைச் சரிசெய்யும் முறை

கோத்தகிரியில் எங்கள் கூரையில் இருப்பது பம்ப் இல்லாத, செம்புக் குழாய்ப் பேனல். சூடான தண்ணீர் லேசாகி டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இதைத் தள்ளும் விசை மிகக் குறைவு, அதனால் சின்ன அடைப்பே போதும், ஓட்டம் படுத்துவிடும்.

1. நல்ல வெயிலில் பேனலுக்குள் தண்ணீர் நுழையும் குழாய், வெளியேறும் குழாய் இரண்டின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். 10 டிகிரியை ஒட்டி வித்தியாசம் இருந்தால் சரி. 30 டிகிரி என்றால் ஓட்டம் குறைந்து, வெப்பம் பேனலிலேயே தேங்கிக் கண்ணாடி வழியாக வீணாகிறது. மேல் குழாய் கையைச் சுடுகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். துப்பாக்கி மாதிரி வெப்பமானி பளபளக்கும் செம்பில் குறைத்தே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒயர் வைத்த சாதாரண வெப்பமானியே மேல்.

2. டேங்குக்குப் போகும் சூட்டுக் குழாய் எங்கும் மேடு தட்டாமல் ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். சூடானதும் குமிழியாகப் பிரிந்து அந்த மேட்டில் அடைத்துக்கொள்ளும். குழாயை நிமிர்த்தினாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

3. அப்புறம் கழுவுவது. வெயில் ஏறும் முன், பேனலைச் சாக்கால் மூடி, வால்வுகளை அடைத்து, கீழ் மூடியைக் கழற்றி, மேலிருந்து ஹோஸ் கொடுங்கள். மழைக்காலத்து ஊற்றுத் தண்ணீரின் செம்மண் கொட்டும்.

இங்கே கவனம் வேண்டும். பத்துக் குழாயில் ஒன்று அடைத்திருந்தால், தண்ணீர் மற்ற ஒன்பதின் வழியே ஓடிவிடும். வெளியே தெளிவாகவும் வரும், அடைத்தது அப்படியே இருக்கும். போர்வெல் உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம் ஊற்றினாலும் இதே கதைதான். ஓட்டமில்லாத குழாய்க்குள் அமிலம் தானாகப் பரவித்தான் போக வேண்டும், அது ரொம்ப மெதுவாக நடக்கும். ஆகவே கீழ் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, அழுத்தம் ஏறியதும் சட்டென விடுங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து வழி திறந்த பிறகே அமிலம்: லிட்டருக்கு 50 கிராம். பிறகு நன்றாக அலசுங்கள்.

பின்சேர்க்கை: ஜனவரிக் காலையில் மட்டும் ஓட்டம் நின்றுபோவதாக ஊட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது குழாய்க்குள் உறைந்த பனிக்கட்டி. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், செம்பையே பிளந்துவிடும். கொதிநீர் ஊற்றாதீர்கள், வெயிலில் தானாக உருகட்டும். உறைபனி விழும் என்று தெரிந்தால் முந்தின மாலையே பேனலை வடித்துவிடுங்கள்.