விண்டோஸா, லினக்ஸா? பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ தட்டச்சுக் கடை வைத்திருப்பவருக்கு விண்டோஸா லினக்ஸா என்ற வாதம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஒரு கோப்போடு முடிந்துவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை.

8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை எழுதுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழியும்). கணினியைப் போட்டதும், டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி அதிலிருந்து தொடக்குங்கள். இப்போதைக்கு நிறுவ வேண்டாம். வைஃபை, பிரின்டர் வேலை செய்கின்றனவா பாருங்கள்.

பிறகு பழைய கடிதமொன்றைத் திறவுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பதறவேண்டாம், கோப்பு கெடவில்லை. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை அல்ல. எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். பாமினி எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் சரி. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் இருந்தால், மாறவே வேண்டாம்.