ஏஐ எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்பினால்…

2025 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழோடு வந்த இணைப்பிதழில், கோடையில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல். அதில் 10 புத்தகங்கள் எங்குமே கிடையாது. எழுத்தாளர்கள் நிஜமானவர்கள்தான். இசபெல் அயெந்தே எழுதவே எழுதாத ஒரு நாவலுக்குக் கதைச் சுருக்கம்கூட இருந்தது. ஏஐயிடம் கேட்டு வாங்கியதை ஒரு ஃப்ரீலான்சர் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டார். சரி, அவர்மேல் தப்பு. ஆனால் இணைப்பிதழைத் தயாரித்தது கிங் ஃபீச்சர்ஸ் என்ற வெளி நிறுவனம்; நாளிதழின் ஆசிரியர் குழு அதைப் பார்க்கவே இல்லை. வெளியில் வாங்கிய சரக்குதானே என்று படிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு என்பேன். வாசகர் காசு கொடுப்பது பத்திரிகையின் பெயரை நம்பித்தானே!

அடுத்தது, நடை நன்றாக இருந்தால் தகவலும் சரியாக இருக்கும் என்ற நினைப்பு. ஏஐ தயங்காமல் எழுதும். சப் எடிட்டரின் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். 2023 தொடக்கத்தில் சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 10,000 டாலரை 3 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டால் முதல் வருடம் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்றது ஒரு கட்டுரை. வட்டி 300தான், அசலையும் வருமானத்தில் சேர்த்துவிட்டது. ஏஐ உதவியோடு எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. பெயர், எண், மேற்கோள் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் பக்கத்தை விடாதீர்கள்.

ஏஐ பயன்படுத்தியதை ஒளித்து வைப்பது இன்னொன்று. 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘டி அக்டுவெலே’ இதழ், விபத்துக்குப் பிறகு பொதுவெளிக்கே வராத கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் முதல் பேட்டி என்று அட்டையில் போட்டது. பதில்கள் எல்லாம் ஏஐ சொன்னவை. அந்த விவரம் கட்டுரையின் கடைசியில்தான் வந்தது. ஆசிரியருக்கு வேலை போனது, ஷூமாக்கர் குடும்பத்துக்கு 2 லட்சம் யூரோ இழப்பீடு. ‘கடைசியில் சொல்லிவிட்டோமே’ என்பதெல்லாம் சமாளிப்பு.

2025 நவம்பரில் பாகிஸ்தானின் ‘டான்’ நாளிதழில், இன்னும் விறுவிறுப்பாக எழுதித் தரட்டுமா என்று சாட்ஜிபிடி கேட்ட வரியும் சேர்ந்தே அச்சானது. ஊரே சிரித்தது. அந்த வரியை வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அப்புறம், வெளியே தெரியாமலே நடக்கும் தவறு ஒன்று உண்டு. ரகசியமாகத் தகவல் கொடுத்தவரின் பெயரோடு இருக்கும் ஆவணத்தை அப்படியே ஏஐயில் ஏற்றி, சுருக்கிக் கொடு என்று கேட்பது. அந்தப் பெயர் அப்போதே ஒரு வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது. செய்தி அச்சாகும்வரை காத்திருக்கவே வேண்டாம்.