நகாட்டாவின் புகழைச் சமகாலத்தவரோடு ஒப்பிடும் முறை

ஜப்பானின் நடுக்கள வீரர் ஹிடெதோஷி நகாட்டா 2006 ஜூலையில், 29 வயதிலேயே கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றார். அவரோடு தேசிய அணியில் ஆடிய ஷுன்சுகே நகாமுரா, ஷின்ஜி ஓனோ ஆகியோர் 40 வயதைக் கடந்தும் களத்தில் இருந்தார்கள். இவர்களில் யார் அதிகம் கொண்டாடப்பட்டவர் என்று ஆராய விரும்புவோர், ஆட்டக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். நாட்டுக்காக நகாட்டா ஆடியவை 77 ஆட்டங்கள், அடித்தவை 11 கோல்கள். நகாமுராவோ 98 ஆட்டங்களில் 24 கோல்கள் அடித்தவர். இந்த எண்கள் உழைப்பையும் திறனையும் காட்டுமே தவிர, மக்களின் அபிமானத்தைக் காட்டா.

அடுத்து, எந்த ஊரின் ரசிகர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். முறையின் உயிர்நாடியே இதுதான். 1998 செப்டம்பரில் பெருஜா அணிக்கான தன் முதல் ஆட்டத்திலேயே, யுவென்டஸுக்கு எதிராக நகாட்டா இரண்டு கோல்கள் அடித்தார். அணி தோற்றாலும், ஜப்பானியச் செய்தியாளர்களும் சுற்றுலாப் பயணிகளும் அந்தச் சிறிய இத்தாலிய நகரத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர் பின்னர் ஆடிய ரோமா அணியின் ரசிகர்களுக்கு 2001 மே 6 மறக்க முடியாத நாள்: அதே யுவென்டஸிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது ரோமாவின் நட்சத்திர வீரர் டோட்டிக்குப் பதிலாக இறங்கிய நகாட்டா தொலைவிலிருந்து ஒரு கோல் அடித்தார், அவர் உதைத்த இன்னொரு பந்தைக் கோல்காப்பாளர் தடுத்துவிட, அது திரும்பி வந்ததைச் சக வீரர் மொன்டெல்லா கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்தப் பருவத்தின் லீக் பட்டமும் ரோமாவுக்கே கிடைத்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கேட்டால் விடை வேறு. 2006 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை அந்நகரின் செல்டிக் அணி வீழ்த்தக் காரணமான நகாமுராவின் ஃப்ரீ கிக்கைத்தான் அங்கே இன்றும் பேசுகிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில், 2002ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையை வென்ற ஃபெயனூர்ட் அணியில் ஆடிய ஓனோவுக்கே அன்பு மிகுதி. ஆசியா முழுவதையும் கணக்கில் எடுத்தால் நகாட்டாவே முன்னால் நிற்கிறார் என்பது என் உறுதியான கருத்து. 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியாவின் சிறந்த வீரராகத் தேர்வானதும், 2004இல் பெலே வெளியிட்ட, வாழும் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பெற்ற ஒரே ஜப்பானியர் என்பதும் அதற்குத் துணை நிற்கின்றன.

காலத்தையும் சமன்படுத்த வேண்டும். நகாட்டாவின் உச்சக் காலம் யூடியூபுக்கு முந்தையது. ஆகவே காணொளிப் பார்வைகளை மட்டும் எண்ணினால் பின்னால் வந்தவர்களுக்கே அது சாதகமாகும். அவரவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களையும் விளம்பரங்களையும் ஒப்பிடுவதே நியாயம்.

இறுதியாக, ஓய்வுக்குப் பின் சேர்ந்த புகழைத் தனியே பிரித்து வையுங்கள். நகாட்டா ஜப்பானின் பல பகுதிகளுக்கும் பயணித்து, சாகே மதுவையும் கைவினைக் கலைகளையும் உலகுக்கு அறிமுகப்படுத்தி வருவதால், அவரது ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் அவரை அறிந்திருக்கிறார்கள். கருத்துக் கேட்கும்போது, “அவரை எதற்காக அறிவீர்கள்?” என்ற கேள்வியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.